விற்பவரே கடன் தந்தால்: கொழும்பில் தவணைக்கு வீடு வாங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் வீடு தேடி அலைந்தால் ஒரு வகை உரிமையாளரைக் கட்டாயம் சந்திப்பீர்கள். வயது எழுபதை நெருங்கியிருக்கும். பிள்ளைகள் ரொறன்ரோவிலோ மெல்பேர்னிலோ இருப்பார்கள். கடையையோ வேலையையோ விட்டாயிற்று. மாடிப்படி ஏற முழங்கால் விடுவதில்லை, பெரிய வீட்டைக் கூட்டித் துடைக்க ஆளும் இல்லை. விற்கலாம் என்று முடிவெடுத்துவிட்டார். ஆனால் மூன்று கோடி ரூபாயை ஒரே நாளில் வாங்கி அவர் என்ன செய்யப்போகிறார்? "காசை வாங்கி நான் பாங்கிலதானே தம்பி போடப்போறன்" என்று அவரே சொல்வார்.

அந்தப் பேச்சு காதில் விழுந்தால் கவனியுங்கள். உங்கள் கையில் விலையில் பாதிகூட இல்லாமல் இருக்கலாம். சொந்தத் தொழில் என்பதால் வங்கி கேட்கிற சம்பளச் சீட்டும் இல்லாமல் இருக்கலாம். அவருக்கு வேண்டியது மாதா மாதம் வரும்படி, உங்களுக்கு வேண்டியது அவகாசம். விலையில் ஒரு பகுதியை இப்போது கொடுத்துவிட்டு, மிச்சத்தை வட்டியோடு அவருக்கே தவணையில் கட்டலாம். ஒழுங்காக எழுதிக்கொண்டால் இரண்டு பக்கத்துக்கும் நல்லது. அரைகுறையாக எழுதினால் அளுத்கடை நீதிமன்றப் படியில் வருடக்கணக்காக ஏறி இறங்க வேண்டிவரும்.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். உறுதி (வீட்டின் உரிமைப் பத்திரம்) முதலில் உங்கள் பெயருக்கு மாற வேண்டும். மிச்சக் காசுக்கு அதே வீட்டை விற்பவருக்கு முதல் ஈடாக (அடமானமாக) எழுதிக் கொடுங்கள். "கடைசித் தவணை கட்டினதும் உறுதி முடிச்சுத் தாறன்" என்ற பேச்சை நம்பி வருடக்கணக்காகக் காசு கட்டாதீர்கள். ஏன் என்பதைக் கீழே விளக்கமாகச் சொல்கிறேன்.

1. விலை பேசுவதற்கு முன் அவருடைய நிலைமையைக் கேளுங்கள்

முதல் சந்திப்பிலேயே "எவ்வளவு குறைப்பீங்கள்?" என்று தொடங்க வேண்டாம். விற்றபிறகு எங்கே இருக்கப்போகிறார், மாதச் செலவுக்கு எவ்வளவு வேண்டும், மொத்தமாகக் காசு தேவைப்படுகிற காரியம் ஏதாவது இருக்கிறதா (சத்திரசிகிச்சை, மகளுக்குக் கொடுக்க வேண்டியது, வங்கிக் கடன்), எப்போது வீட்டை விடுவார் என்று கேளுங்கள். முற்பணம் எவ்வளவு, தவணை எத்தனை வருடம் என்பதெல்லாம் இந்தப் பதில்களிலிருந்துதான் வரும். உடனே ஒரு சின்னத் தொடர்மாடி வீடு வாங்கப்போகிறவருக்கு 40 சதவீத முற்பணம் போதாது. மகனோடு போய் இருக்கப்போகிறவருக்கு அதுவே அதிகம்.

வட்டி பேசும்போது அவர் மனதில் ஓடுவது நிலையான வைப்பு வட்டிதான். இங்கே அந்த வட்டி எப்படி ஏறி இறங்கியது என்பதை ஓய்வூதியக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. 2023 மார்ச்சில் மத்திய வங்கியின் கடன் வழங்கும் கொள்கை வட்டி வீதம் 16.5 சதவீதம் வரை போனது. 2025 மே மாதம் கொள்கை வட்டி 7.75 சதவீதம். வைப்பு வட்டியும் அதன் பின்னாலேயே இறங்கியது. வைப்பு வட்டியை நம்பிச் சீவித்தவர்களுக்கு அது வருமானம் பாதியானது போலத்தான். அதனால் ஐந்து வருடத்துக்கு மாறாத வட்டி, வைப்புக்குக் கிடைப்பதைவிடக் கொஞ்சம் கூட, வங்கி உங்களிடம் வீட்டுக் கடனுக்குக் கேட்பதைவிடக் கொஞ்சம் குறைய என்றால் பேச்சு இலகுவாக முடியும். வங்கி வட்டியோடு ஏறி இறங்கும் வட்டியை ஒரு வயதானவரோடு எழுதிக்கொள்வதை நான் விரும்புவதில்லை. ஒவ்வொரு முறையும் கணக்கு மாற, ஒவ்வொரு முறையும் பிள்ளைகளில் ஒருவர் தொலைபேசியில் வருவார்.

பிள்ளைகள் என்றதும் ஒன்று. வெளிநாட்டில் இருக்கிறவர்களைக் கடைசியில் சொல்லிச் சமாளிக்கலாம் என்று விடாதீர்கள். வாட்ஸ்அப்பில் முதலிலேயே கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லுங்கள். சட்டப்படி அவர்களுக்கு அந்த வீட்டில் பங்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் "அப்பாவை ஏமாத்திப் போட்டாங்கள்" என்று ஒரு வழக்கு போட அதெல்லாம் தேவையில்லை. சிலர் விலையை டொலரில் கட்டி எழுதச் சொல்வார்கள். இலங்கையில் இருக்கிற இரண்டு பேர் வெளிநாட்டு நாணயத்தில் கொடுக்கல் வாங்கல் செய்வதற்கு அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கட்டுப்பாடு உண்டு. ரூபாயிலேயே எழுதுங்கள்.

தரகர் இருந்தால் அவருடைய கொமிஷன் எப்போது, எந்தத் தொகையில் என்பதையும் இப்போதே பேசி முடியுங்கள். தவணை என்றதும் தரகர் முகம் மாறுவது பெரும்பாலும் இந்தக் கவலையால்தான்.

2. உறுதியைத் தோண்டிப் பாருங்கள்

உங்களுக்கென்று ஒரு சட்டத்தரணி வேண்டும். விற்பவருடைய நொத்தாரிசு எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் அவர் விற்பவருடைய ஆள். வங்கிக் கடன் எடுத்தால் வங்கியின் சட்டத்தரணி உறுதியை நோண்டிப் பார்ப்பார். இங்கே வங்கி இல்லை, அதனால் அந்த வேலை உங்கள் தலையில். காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடத்துப் பதிவுகளையாவது எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து வருடத்துக்குப் பிறகு வங்கிக் கடன் எடுத்து மிச்சத்தைத் தீர்க்கிற எண்ணம் இருந்தால், அன்றைக்கு வங்கி கேட்கப்போவதை இன்றைக்கே தேடி வைத்துக்கொள்வதாகவும் ஆகும்.

மாநகர சபையில் உரிமை, மதிப்பீட்டு வரி நிலுவை, வீதி அகலிப்புக் கோடு, காணி சபைக்கோ அரசுக்கோ சுவீகரிக்கப்படவில்லை என்ற சான்றிதழ் ஆகியவற்றை எடுக்க வேண்டும். கட்டடம் அனுமதித்த பிளான்படிதான் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். மொட்டை மாடியில் தகரம் போட்டு ஓர் அறை எழும்பியிருப்பது கொழும்பில் புதினமே இல்லை. பழைய வீடு, அதிலும் ஒரு காலத்தில் வாடகைக்கு விடப்பட்ட வீடு என்றால், 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டத்தின் (ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு வரம்பு போட்ட சட்டம்) கீழ் ஏதும் நடந்திருக்கிறதா என்று தனியாகத் தேடச் சொல்லுங்கள். தொடர்மாடி என்றால் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்குக் கட்ட வேண்டிய பராமரிப்புக் காசில் பாக்கி இருக்கிறதா என்று கடிதம் வாங்குங்கள்.

வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்பது கடதாசியில் தெரியாது. பின்பக்க அறையில் இருபது வருடமாக இருக்கிற தூரத்து உறவினர், கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிற குடும்பம், வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்து அங்கேயே தங்கிவிட்டவர் என்று யாராவது இருக்கலாம். நேரில் போய், பகலில் ஒருதரம் இரவில் ஒருதரம் பாருங்கள். புறக்கோட்டைப் பக்கம் கடை வாங்குகிறீர்கள் என்றால் முதல் கேள்வியே வேறு: முதலாளி கடையின் சொந்தக்காரரா, அல்லது கீ மணி (வாடகைக்குப் போக முதலில் மொத்தமாகக் கொடுக்கிற காசு) கொடுத்து உட்கார்ந்த வாடகைக்காரரா? ஐம்பது வருடம் யாவாரம் செய்தவரை ஊரே கடைக்காரர் என்று சொல்லும். உறுதி வேறொருவர் பெயரில் இருக்கும்.

நம்மவர்களிடம் வாங்கும்போது தேசவழமையை (யாழ்ப்பாணத் தமிழர்களுக்குரிய வழமைச் சட்டம்) மறக்க வேண்டாம். யாழ்ப்பாணத் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்க, கணவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். காணி கொழும்பில் இருப்பதால் இது தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. காணி எங்கிருந்தாலும் இந்த விதி கூடவே வரும். (மற்றவர்களுக்கு முன் வாங்குகிற முன்வாங்கல் உரிமை மட்டும்தான் வட மாகாணக் காணிகளோடு நின்றுவிடும்.) கணவன் மனைவியில் ஒருவர் காலமாகிவிட்டால் இன்னும் கவனம். காலமானவருடைய தேடியதேட்டத்தில் (கலியாணத்துக்குப் பிறகு தேடிய சொத்தில்), அவர் மரணசாசனம் எழுதி வைக்காவிட்டால், பாதி உயிரோடு இருப்பவருக்கும் மறுபாதி வாரிசுகளுக்கும் போகும். அதாவது "என்ர வீடுதானே" என்று ஐயா விற்கிற வீட்டில் ரொறன்ரோ மகளுக்கும் ஒரு பங்கு இருக்கலாம். அப்படியானால் அவரும் கையெழுத்து வைக்க வேண்டும், அல்லது அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் (தனக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்கக் கொடுக்கிற அதிகாரம்) எழுதி அனுப்பி, அது இங்கே பதியப்பட வேண்டும்.

இது வாங்குகிறவருக்கு: உங்களிடம் இருப்பது வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் என்றால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் காணி வாங்குவதையே தடுக்கிறது. சில தொடர்மாடி வீடுகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் காசு வெளிநாட்டிலிருந்து வருவதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன, தவணைப் பேச்சு அங்கே இலகுவில் பொருந்தாது. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

3. எந்த வடிவத்தில் எழுதுவது

இங்கே நான்கு வழிகள் புழக்கத்தில் உண்டு. எதுவானாலும் பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை. முத்திரை ஒட்டிய வெள்ளைத் தாளில் கையெழுத்து வைத்து வீட்டுக்கு முற்பணம் கொடுத்தேன் என்று வருகிறவர்களைச் சட்டத்தரணிகள் இன்றும் பார்க்கிறார்கள். அந்தத் தாளைக் காட்டி வீட்டைக் கேட்க முடியாது.

அதிகம் பேர் முதலில் போகிறது விற்பனை ஒப்பந்தத்துக்கு. எல்லோரும் "அக்ரிமென்ட்" என்று சொல்வது இதைத்தான். தவணையெல்லாம் கட்டி முடிந்தபிறகுதான் உறுதி மாறும். முத்திரைத் தீர்வையை இப்போது கட்ட வேண்டியதில்லை என்பதால் வாங்குகிறவருக்கு இது இனிக்கும், வீடு தன் பெயரிலேயே இருப்பதால் விற்பவருக்கும் நிம்மதி. ஆனால் ஐந்து வருடம் நீங்கள் கட்டுகிற காசு அவர் பெயரில் இருக்கிற வீட்டுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அவருக்கு எழுபத்திரண்டு வயது. இடையில் அவர் காலமானால் வீடு வாரிசுகளுக்குப் போகும். மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாசன வழக்கு (காலமானவருடைய சொத்தை யார் பொறுப்பெடுப்பது என்று தீர்க்கிற வழக்கு) நடந்து முடிந்த பிறகுதான் யாராவது உங்களுக்கு உறுதி எழுதித் தர முடியும். "எனக்கு ஏதும் நடந்தால் இருக்கட்டும்" என்று அவர் எழுதிக் கொடுத்த அற்றோணித் தத்துவம் அவர் மூச்சோடு போய்விடும். கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் இறந்தது. மறதி நோய் வந்து கையெழுத்து வைக்கிற தெளிவு போனாலும் இதே கதிதான். அவர் மேல் வேறு யாராவது வழக்குப் போட்டால் வீடும் அதில் மாட்டும். இதெல்லாம் நடக்காவிட்டாலும் விலை இருக்கிறது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360 ரூபாய்க்குத் தாவியது. பழைய விலையில் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவருக்கு அன்றைக்கு மனம் எப்படி இருந்திருக்கும்?

அதற்காக ஒப்பந்தமே ஆகாது என்று சொல்லவில்லை. உறுதியைத் தேடிப் பார்க்க, காசைச் சேர்க்க மூன்று மாத அவகாசம் வேண்டும் என்றால் சின்ன முற்பணத்தோடு ஒரு ஒப்பந்தம் எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிந்து வையுங்கள். அது மாதக் கணக்கில் முடிய வேண்டிய கடதாசி.

இரண்டாவது வழியைத்தான் நான் சொல்வேன்: அறுதி விற்பனை உறுதி, அதே நாளில் மிச்சத் தொகைக்கு விற்பவர் பெயரில் முதல் ஈட்டு உறுதி. வீடு உங்களுடையது. அவர் காலமானாலும் உங்கள் உரிமைக்கு ஒன்றும் ஆகாது, கடன் மட்டும் அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அவருக்கும் இதில் பாதுகாப்பு உண்டு. நீங்கள் வீட்டை வேறு யாருக்கு விற்றாலும் பதிந்த ஈடு வீட்டோடு ஒட்டிக்கொண்டே போகும்.

"பிறகு நீங்கள் கட்டாட்டி நான் என்ன செய்யிறது?" என்று அவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். வங்கிகளுக்கு 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தில் நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் போடுகிற அதிகாரம் இருக்கிறது. தனி ஆளுக்கு அது கிடையாது. அவர் ஈட்டு வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, அதன்பிறகே விற்கலாம். இதை மறைக்காமல் ஒத்துக்கொண்டு, அதற்கு ஈடாக நல்ல முற்பணம் கொடுங்கள். விலையில் 40 சதவீதம் போட்டவன் வீட்டைக் கைவிட்டு ஓட மாட்டான் என்று அவருக்கும் தெரியும்.

மூன்றாவது, ஆயுள் உரித்து வைத்து எழுதுவது. உறுதி உங்கள் பெயருக்கு வரும், அவர் கண் மூடும்வரை அங்கேயே இருப்பார். விலை கணிசமாகக் குறைய வேண்டும். எப்போது வீடு கைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. வங்கிகளும் அப்படிப்பட்ட உறுதிக்குக் கடன் கொடுக்கப் பின்வாங்கும். குடியிருக்க வீடு தேடுகிறவர்களுக்கு இது சரிவராது.

நான்காவது, குத்தகைக்கு எடுத்துப் பிறகு வாங்கும் உரிமை. கடைக்குப் பொருந்தும், வீட்டுக்கு அவ்வளவாக இல்லை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையும் நொத்தாரிசு முன்னிலையில்தான் எழுதப்பட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

4. கணக்கு

கணக்குக்கு இலகுவாக விலை 3 கோடி என்று வைத்துக்கொள்வோம். முற்பணம் 1 கோடி 20 இலட்சம். மிச்சம் 1 கோடி 80 இலட்சத்துக்கு வருட வட்டி 9 சதவீதம்.

இதை ஐந்து வருடத்தில் முழுதாகக் கட்டி முடிக்க வேண்டும் என்றால் மாதம் 3 இலட்சத்து 73 ஆயிரம் அளவில் வரும். பலருக்கு மூச்சு முட்டும். அதனால் 15 வருடக் கடன் போலத் தவணையைக் கணக்கிட்டு, ஐந்தாம் வருட முடிவில் மிச்சத்தை ஒரேயடியாகத் தீர்ப்பதாக எழுதுவார்கள். அப்போது மாதத் தவணை ஏறக்குறைய 1 இலட்சத்து 82 ஆயிரத்து 600. பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் அடுத்த வரியையும் பாருங்கள். ஐந்து வருடத்தில் நீங்கள் கட்டுவது 1 கோடி 9 இலட்சத்துக்கு மேல். கடனில் குறைவது சுமார் 36 இலட்சம்தான். கடைசி நாளில் இன்னும் 1 கோடி 44 இலட்சம் இருக்கும்.

அந்த 1 கோடி 44 இலட்சத்தை எங்கிருந்து எடுப்பீர்கள் என்பதற்கு இன்றைக்கே பதில் இருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்குப் பதில் வங்கிக் கடன். சரி, அப்படியானால் இந்த ஐந்து வருடமும் வங்கிக் கணக்கினூடாகவே வரவு செலவு செய்யுங்கள், வருமான வரிப் பத்திரத்தை ஒழுங்காகக் கொடுங்கள். ஐந்தாம் வருடம் வட்டி மறுபடி 20ஐத் தொட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வாசகம் வேண்டும்: அதே வட்டியிலோ சின்னக் கூடுதலோடோ இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று. விற்பவர்கள் இதற்குச் சுலபமாகத் தலையாட்டுவார்கள், காசு வேலை செய்துகொண்டுதானே இருக்கிறது.

கைச்செலவையும் மறக்காதீர்கள். மேல் மாகாணத்தில் விற்பனை உறுதிக்கு முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீதம். 3 கோடிக்கு 11 இலட்சத்து 99 ஆயிரம். இது வாங்குகிறவர் கட்டுவது, தவணையும் கிடையாது. நொத்தாரிசு கட்டணம், தேடல் செலவு, நில அளவையாளர், ஈட்டு உறுதிக்கான செலவு வேறு. முற்பணத்துக்கு மேல் 15 இலட்சமாவது ஒதுக்கி வைக்காமல் பேச்சில் இறங்க வேண்டாம்.

இந்த இடத்தில் யாராவது மெதுவாக "உறுதியில விலையைக் குறைச்சுப் போடுவம்" என்பார்கள். தவணைக் கொடுக்கல் வாங்கலில் அது சரிவராது. உறுதியில் ஒன்றரைக் கோடி, ஈட்டில் 1 கோடி 80 இலட்சம் என்று இருந்தால் வீட்டு விலையைவிடக் கடன் பெரிதாக நிற்கும், எந்த நீதிமன்றமும் எந்த வங்கியும் புருவத்தை உயர்த்தும். மதிப்பீட்டாளர் குறை மதிப்பைக் கண்டுபிடித்தால் மிச்சத் தீர்வையையும் கட்டத்தான் வேண்டும். நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை குறைவாகக் காட்டப்பட்டிருப்பதால் மூலதன ஆதாய வரியும் உங்கள் தலையில் கூடும்.

5. ஈட்டு உறுதியில் என்ன எழுத வேண்டும்

தொகை, வட்டி, தவணைத் திகதி எல்லாம் எந்த நொத்தாரிசும் எழுதுவார். விடுபடுகிற விஷயங்கள் வேறு.

முன்கூட்டியே கட்டும் உரிமை: எப்போது வேண்டுமானாலும் முழுவதையோ பகுதியையோ தண்டம் இல்லாமல் கட்டலாம் என்று இருக்கட்டும். தவறிய தவணைக்கு அவகாசம்: பதினான்கு நாள், அதன்பிறகு எழுத்தில் அறிவித்தல், அதன்பிறகுதான் முழுத் தொகையையும் கேட்கலாம். ஒரு மாதம் தவறியதும் மொத்தக் கடனும் விழுந்துவிடும் என்ற வாசகத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். தாமத வட்டி எழுதலாம், ஆனால் வழக்கில் வட்டியாக அறவிடக்கூடிய தொகை முதலைத் தாண்டக்கூடாது என்ற பழைய சட்டம் இங்கே இன்னும் இருக்கிறது.

"கட்டத் தவறினால் வீடு தானாகவே விற்பவருக்குத் திரும்பும்" என்று எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஈட்டில் அப்படி ஒரு நிபந்தனை நமது ரோமன் டச்சுச் சட்டத்தில் செல்லாது. அதைச் சுற்றிப் போக, திகதி போடாத மறுவிற்பனை உறுதி ஒன்றில் கையெழுத்துக் கேட்கிறவர்களும் உண்டு. கேட்பவர் எவ்வளவு மரியாதையானவராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

பிறகு மரணம். தமிழ் வீட்டில் பெரியவர் முன்னால் இதைப் பேசக் கூச்சம்தான். "ஐயா, நாளைக்கு எனக்கு ஏதும் எண்டால் என்ர மனிசி ஆருக்குக் கட்டுறது, உங்களுக்கு ஏதும் எண்டால் நான் ஆருக்குக் கட்டுறது?" என்று உங்களையும் சேர்த்துக் கேட்டால் அவரும் சுமுகமாகப் பேசுவார். அவர் காலமானால் ஈட்டுக் கடன் அவருடைய சொத்தில் ஒரு பகுதி. யாரிடம் கொடுத்தால் கடன் தீரும் என்பது மரணசாசன வழக்கு முடியும்வரை தெளிவில்லாமல் இருக்கும். அதுவரை தவணை நின்றால் நீங்கள் தவறியவர் ஆவீர்கள், தவறான பிள்ளையிடம் கொடுத்தால் இரண்டுதரம் கட்ட நேரும். அதனால் தவணை போக வேண்டிய வங்கிக் கணக்கின் இலக்கத்தை உறுதியிலேயே எழுதி, அந்தக் கணக்கில் போட்டால் கட்டியதாகவே கொள்ளப்படும் என்று ஒரு வரி சேருங்கள். அது அவரும் மனைவியும், அல்லது அவரும் ஒரு பிள்ளையும், இருவரில் எவரும் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்காக இருந்தால் நல்லது. அவர் ஒரு மரணசாசனம் எழுதி, இந்தக் கடனை அறவிட்டு ஈட்டை விடுவிக்கிற பொறுப்பை ஒருவருக்குக் கொடுத்து வைக்கவும் சொல்லுங்கள். உங்கள் பக்கத்தில் கடன் தொகைக்கு ஒரு ஆயுள் காப்புறுதியும், வீட்டுக்குத் தீ, வெள்ளக் காப்புறுதியும் எடுங்கள்.

விற்றபிறகும் சில மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்றால் விடுகிற திகதியை எழுதி, முற்பணத்தில் ஒரு பத்து இலட்சத்தைத் திறப்பு கைக்கு வரும் நாளில் கொடுப்பதாக நிறுத்தி வையுங்கள். அன்புக்காக வாயால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

6. கையெழுத்து நாள்

விற்பவருக்கு ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்தால் முற்பணம் அவர் கைக்குப் போகக்கூடாது. வங்கியின் பெயருக்கே பே ஓடர் எடுத்து, பழைய ஈட்டை விடுவிக்கிற பத்திரத்தை முதலில் எழுதுவிக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் விற்பவருக்கு எழுதிக் கொடுக்கிற ஈடு முதல் ஈடாகவே இருக்காது.

அவருக்கு வயது கூட என்றால், அன்றோ முதல் நாளோ ஒரு வைத்தியர் பார்த்து, தெளிவான மனநிலையில் இருக்கிறார் என்று எழுதிய கடிதம் ஒன்றை வாங்கி வையுங்கள். சந்தேகப்படுவதாகத் தோன்றும்தான். பிள்ளைகளுக்குள் பின்னால் சண்டை வந்தால் அந்த ஒரு தாள் உங்களைக் காப்பாற்றும். உறுதியை அவருக்குத் தெரிந்த மொழியில் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதிய உறுதியைத் தலையாட்டிக் கேட்டுவிட்டுக் கையெழுத்து வைப்பதை அனுமதிக்காதீர்கள்.

விற்பனை உறுதியும் ஈட்டு உறுதியும் ஒரே நொத்தாரிசிடம், அடுத்தடுத்த இலக்கத்தில், ஒரே மேசையில் முடிய வேண்டும். நொத்தாரிசின் அத்தாட்சியில் காசு எப்படிக் கைமாறியது என்பது அப்படியே வரட்டும்: 3 கோடியில் 1 கோடி 20 இலட்சம் இன்ன வங்கியின் இன்ன இலக்கப் பே ஓடரில் என் முன்னிலையில் கொடுக்கப்பட்டது, மிச்சம் 1 கோடி 80 இலட்சத்துக்கு இன்றே என்னால் அத்தாட்சிப்படுத்தப்பட்ட இன்ன இலக்க ஈட்டு உறுதி எழுதப்பட்டது என்று. "முழுத் தொகையும் முன்பே பெற்றுக்கொண்டேன்" என்ற வழக்கமான வரி இங்கே வந்தால் இரண்டு பத்திரமும் ஒன்றோடொன்று முட்டும்.

அப்புறம் பதிவு. நொத்தாரிசு அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் பதிவகத்துக்கு அனுப்புவது இரண்டாம் பிரதி. அதைப் பதிவு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். மூல உறுதியைக் கொண்டுபோய்க் கொடுத்து, பதிவுப் பக்க இலக்கம் விழுந்து திரும்பி வந்தால்தான் பதிவு. யார் முதலில் பதிந்தார்கள் என்பதுதான் நமது காணிச் சட்டத்தில் முன்னுரிமையைத் தீர்மானிக்கிறது. அதனால் முதல் வேலைநாளிலேயே, விற்பனை உறுதியை முன்னும் ஈட்டு உறுதியைப் பின்னுமாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

7. அதற்குப் பிறகு

மாநகர சபை வரி இடாப்பில் பெயரை மாற்றுங்கள். மின்சாரம், தண்ணீர்க் கணக்குகளும் அப்படியே. தவணையை ஒவ்வொரு மாதமும் வங்கி மூலமே போடுங்கள். பெருநாள் காலத்தில் "இந்த முறை கையில தாங்கோ தம்பி" என்றால்கூட, கொடுத்ததற்கு அவர் கைப்பட ஒரு பற்றுச்சீட்டு. வருடத்துக்கு ஒருதரம் முதல் எவ்வளவு மிச்சம் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வருடம் வங்கிக்குக் காட்டவும் அது உதவும்.

விற்பவருடைய வரி அவருடைய பாடுதான், ஆனாலும் பேசும்போதே நினைவூட்டுவது நல்லது. இல்லாவிட்டால் பிறகு அந்தச் செலவையும் உங்களிடம் கேட்பார். 2018 ஏப்ரலிலிருந்து மூலதன ஆதாய வரி மறுபடி நடைமுறையில் இருக்கிறது. இலங்கையில் வதிபவர் தன் பிரதான குடியிருப்பை விற்கிறார், மூன்று வருடமாகத் தொடர்ந்து அவருக்குச் சொந்தம், அதில் குறைந்தது இரண்டு வருடம் அவரே குடியிருந்தார் என்றால் விலக்கு உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்பே மகனிடம் போய்விட்டு வீட்டை வாடகைக்கு விட்டவருக்கு அந்த விலக்குக் கிடைப்பது கஷ்டம். 2017 செப்டெம்பர் 30க்கு முன் வாங்கிய வீட்டுக்கு அன்றைய சந்தை மதிப்பை அடிப்படையாக எடுக்கலாம். அதற்கு ஒரு மதிப்பீட்டு அறிக்கை தேவைப்படும். நீங்கள் கட்டுகிற வட்டியும் அவருக்கு வருமானமே.

கடைசித் தவணையோ வங்கிக் கடனோ போய்ச் சேர்ந்த நாளில் கை குலுக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். ஈட்டை விடுவித்ததாக அவரிடம் நொத்தாரிசு முன்னிலையில் எழுதி வாங்கி, ஈட்டு உறுதியின் மூலப் பிரதியையும் கையோடு வாங்கி, விடுவிப்பைக் காணிப் பதிவகத்தில் அதே பக்கத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால் இருபது வருடம் கழித்து உங்கள் பிள்ளை அந்த வீட்டை விற்கப் போகும்போது, எப்போதோ தீர்ந்துபோன 1 கோடி 80 இலட்சம் பதிவேட்டில் அப்படியே நிற்கும், அதை எழுதித் தர வேண்டியவர் உயிரோடு இருக்க மாட்டார். வங்கி மூலம் தீர்க்கிறீர்கள் என்றால் வங்கியின் சட்டத்தரணி இதைத் தானே கேட்டு வாங்குவார். சொந்தக் காசில் தீர்க்கிறவர்கள்தான் இதை விட்டுவிடுகிறார்கள்.